பலாஸ்டை 50 சதவீதத்துக்கு டிம் பண்ணினேன், கரண்ட் பில் பாதியாகவில்லையே?

உவர்மலைத்தம்பி (ஞாயிறு இரவு)

வணக்கம் எல்லோருக்கும். திருகோணமலை உவர்மலையில் வீட்டுப் பின்னறை ஒன்றில் சலாது (லெட்யூஸ்) வளர்க்கிறேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்தும் மூன்று பேர் வாரா வாரம் வாங்குகிறார்கள். நுவரெலியாவில் இருந்து வருவது இங்கே வந்து சேரும்போது பாதி வாடிப்போயிருக்கும், அதுதான் எனக்குக் கிடைத்த இடைவெளி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சலாதுதான், துளசியின் வெளிநாட்டுச் சகோதரி பேசில் கொஞ்சம். வேறு "இலை" எதுவும் இல்லை. ராத்திரியில் யன்னலில் மஞ்சள் வெளிச்சம் பார்த்து ஏற்கனவே இரண்டு பேர் விசாரித்துவிட்டார்கள்.

அறையில் நாலுக்கு நாலு அடிப் பாத்தி இரண்டு. மேலே 600 வாட் சோடியம் விளக்கு இரண்டு. எல்லாம் கொழும்பில் ஒருவர் கடையை மூடும்போது விற்ற பழைய சாமான். விளக்குக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பலாஸ்டாக ஒன்றுக்கு இரும்புச் சோக், இன்னொன்றுக்கு 50, 75, 100 என்று குமிழ் வைத்த எலக்ட்ரானிக் பலாஸ்ட். "பாதிக்குத் திருகினால் பாதிச் செலவு" என்றுதான் சொல்லித் தந்தார்கள். 600 வாட் முழுதாக எரிந்தால் இலை நுனி கருகுகிறது, அதனால் குமிழை 50இல் வைத்துத் தினமும் 14 மணித்தியாலம் எரிக்கிறேன். ஏசியும் ஓடுகிறது.

முன்பு மாதம் 85 யூனிட் ஓடிய மீட்டர் போன மாதம் 640 ஓடியிருக்கிறது. அம்மா பில்லை சாமிப்படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறா. இன்றைக்குக் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தேன்: சோக் உள்ள லைனில் 5.9 ஆம்பியர். 230ஆல் பெருக்கினால் 1,357 வாட்! 600 வாட் விளக்குக்கா? சோக்தான் கரண்டைக் குடிக்கிறதா? இரண்டையுமே டிம் பண்ணும் பலாஸ்டாக மாற்றிவிட்டால் தீருமா?

தம்பலகாமம்வயல் (ஞாயிறு இரவு)

தம்பி, குறை நினைக்க வேண்டாம். வெயில் காய்ந்து தார் உருகுகிற திருகோணமலையில் செடிக்கு விளக்கு வாங்கி எரிக்கிற முதல் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். 50 சதவீத நிழல் வலை என்ன விலை தெரியுமா?

கிண்ணியா_வயர்மேன் (ஞாயிறு இரவு)

ஆம்பியரை 230ஆல் பெருக்கினால் வருவது வாட் இல்லை தம்பி, வோல்ட்-ஆம்பியர். சோக் சுருள் கம்பி, அது மின்னோட்டத்தைப் பின்னுக்கு இழுக்கும். அதைச் சரிக்கட்டத்தான் பக்கத்தில் கப்பாசிட்டர் வைப்பார்கள். 600 வாட் சோடியம் பல்புக்குள் ஓடுவது கிட்டத்தட்ட 6 ஆம்பியர். கப்பாசிட்டர் நன்றாக இருந்தால் லைனில் 3 ஆம்பியர் சொச்சம்தான் தெரியும். உங்களுக்கு 5.9 தெரிகிறது என்றால் கப்பாசிட்டர் செத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் அது பில்லைக் கூட்டவில்லை. வீட்டு மீட்டர் உண்மையான வாட்டைத்தான் எண்ணும். கே.வி.ஏ. (ஆயிரம் வோல்ட்-ஆம்பியர்) கணக்குப் பார்த்துக் காசு கேட்பது மொத்தப் பாவனையாளரிடம், பெரிய ஹோட்டல், ஐஸ் ஆலை மாதிரி. உங்களுக்கு வயர் கூடச் சூடாகும், பிரேக்கர் விழும், அந்தத் தொல்லைதான். கப்பாசிட்டரை மாற்றுங்கள், அதற்காக யூனிட் குறையும் என்று நினைக்க வேண்டாம்.

பிளக்கில் செருகிப் பார்க்கும் வாட் மீட்டர் ஒன்று யாரிடமாவது இரவல் வாங்குங்கள். அந்த அளவு வந்த பிறகு கதைப்போம். அது இல்லாமல் இங்கே எவ்வளவு எழுதினாலும் குருடன் யானை பார்த்த கதைதான்.

உவர்மலைத்தம்பி (செவ்வாய் மாலை)

வாட் மீட்டர் கிடைத்தது. வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீட்டரும் ஒன்று கிடைத்தது, பாத்தி நடுவில் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தேன்.

இரும்புச் சோக்: 672 வாட், பவர் ஃபாக்டர் (வாட்டை வோல்ட்-ஆம்பியரால் வகுத்தால் வருவது) 0.49. வயர்மேன் நானா சொன்னது சரி.

எலக்ட்ரானிக் பலாஸ்ட், 100இல்: 634 வாட், 38,000 லக்ஸ்.
75இல்: 482 வாட், 25,800 லக்ஸ்.
50இல்: 331 வாட், 14,800 லக்ஸ்.

இதைப் பார்த்ததும் தலை சுற்றுகிறது. வாட் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விட்டதே? பலாஸ்ட் பழுதா?

கண்ணாடிக்குடுவை (செவ்வாய் இரவு)

பழுது இல்லை தம்பி, சோடியம் விளக்கின் சுபாவமே அதுதான். திசு வளர்ப்புக் கூடம் ஒன்றில் 12 வருடம் விளக்கோடு மல்லுக்கட்டியவள் சொல்கிறேன்.

பல்புக்குள் சோடியமும் பாதரசமும் ஆவியாகி, நல்ல சூட்டில், நல்ல அழுத்தத்தில் இருந்தால்தான் அது ஒழுங்காக வெளிச்சம் தரும். வாட்டைக் குறைத்தால் குழாய் குளிர்கிறது, அழுத்தம் விழுகிறது, நிறமும் மஞ்சளுக்குச் சாய்கிறது. உங்கள் எண்களையே வகுத்துப் பாருங்கள். முழுதாக எரியும்போது வாட்டுக்கு 60 லக்ஸ், பாதியில் 45. அதாவது அதே ஒரு யூனிட் கரண்டுக்கு கால்வாசி வெளிச்சம் நட்டம். மஞ்சளுக்குச் சாய்ந்ததை லக்ஸ் மீட்டர் கொஞ்சம் ஏமாந்து கூட்டிக் காட்டுவதும் உண்டு, ஆகவே இந்த எண்களைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டல் ஹேலைட் விளக்கு என்றால் இன்னும் மோசம், நிறமே குழம்பிவிடும்.

இன்னொன்று. எலக்ட்ரானிக் பலாஸ்ட் என்றாலே பெரிய சேமிப்பு என்ற எண்ணம் டியூப் லைட்டில் இருந்து வந்தது. அங்கே அது உண்மை. 36 வாட் டியூப்பை இரும்புச் சோக்கில் போட்டால் 45 வாட் இழுக்கும். எலக்ட்ரானிக்கில் போட்டால் 36க்குள் அதே வெளிச்சம் வரும். ஏனென்றால் டியூப்புக்குள் இருக்கும் வாயு உயர் அதிர்வெண்ணில் வாட்டுக்குப் பத்து சதவீதம் போல் கூடுதலாக ஒளி தரும். சோடியத்துக்கு அந்த வரப்பிரசாதம் கிடையாது. அங்கே மிச்சம் பிடிப்பது சோக் சூடாவதால் போகிற வாட்டை மட்டும்தான். உங்கள் அளவில் 672க்கும் 634க்கும் இடையே 38 வாட். 14 மணித்தியாலம், 30 நாள்: 16 யூனிட். அவ்வளவுதான். அதற்காக இன்னொரு டிம் பலாஸ்ட் வாங்க வேண்டாம்.

(டியூப்பை டிம் பண்ணினாலும் இலாபம் கரையும். மங்கலாக எரியும்போதும் இரண்டு முனை இழையையும் சூடாக வைத்திருக்க வேண்டும், அந்தச் செலவு குறையாது. நாங்கள் அனுபவித்துவிட்டுத்தான் எல்.ஈ.டி.க்கு மாறினோம்.)

கிண்ணியா_வயர்மேன் (செவ்வாய் இரவு)

டீச்சர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 331ஐயும் 672ஐயும் கூட்டினால் 1,003 வாட். 14 மணித்தியாலத்தில் 14 யூனிட், மாதம் 421. விளக்குக்குப் போகும் வாட் அத்தனையும் கடைசியில் அறைக்குள் சூடுதான், இலை பிடித்துக்கொள்வது சொற்பம். அந்தச் சூட்டை ஏசி வெளியே தள்ள வேண்டும். நல்ல ஏசி ஒரு வாட் செலவழித்து மூன்று வாட் சூட்டை வெளியேற்றும் என்று வையுங்கள்: 334 வாட், மாதம் 140 யூனிட். இரண்டும் சேர்த்து 561. வீட்டுப் பாவனை 85 என்றால் 646. உங்கள் மீட்டர் 640. யாரும் களவெடுக்கவில்லை, மீட்டரும் ஓடிப்போகவில்லை. அம்மாவிடம் சொல்லுங்கள்.

இங்கே பில் ஏறுவதே படிப்படியாக. 180 யூனிட் தாண்டியதற்குப் பிறகு ஒவ்வொரு யூனிட்டும் மேல் படி விலையில்தான் விழும். ஆகவே நீங்கள் குறைக்கும் யூனிட்டும் அந்த உச்ச விலையில் இருந்துதான் குறையும். அது ஒன்றுதான் நல்ல செய்தி.

பாலையூற்று77 (செவ்வாய் இரவு)

எனக்கு ஒரு சந்தேகம். அந்த டிஜிட்டல் பலாஸ்ட் போட்டால் பக்கத்து வீட்டு ரேடியோ கரகரக்கும் என்கிறார்களே, உண்மையா? எங்கள் ஒழுங்கையில் ஒரு ஐயா இருக்கிறார், செய்தி கேட்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது.

கிண்ணியா_வயர்மேன் (செவ்வாய் இரவு)

உண்மை. மலிவுப் பெட்டிகள் பல்லாயிரம் ஹேர்ட்ஸில் ஓடுகின்றன, வடிகட்டி சரியில்லாவிட்டால் பல்புக்குப் போகும் வயரே அன்டெனா. மத்திய அலையில்தான் அதிகம் தெரியும். வயரைக் குட்டையாக வையுங்கள், எர்த் ஒழுங்காகப் போடுங்கள், ஐயாவுக்கு ஒரு கட்டுச் சலாது கொடுத்துவிடுங்கள்.

நிலாவெளிக்காற்று (புதன் காலை)

தம்பி, நானும் இதே தொழில்தான், நிலாவெளியில். சோடியத்தை 2023இல் விட்டேன். அந்த ஆண்டு பெப்ரவரியில் மின்கட்டணம் ஏறியபோது கணக்குப் பார்த்ததில் சலாது விற்ற காசு மின்சார சபைக்கே போய்க்கொண்டிருந்தது.

இப்போது 320 வாட் எல்.ஈ.டி. பலகை. அதற்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான டிரைவரையும் நம் ஆட்கள் பலாஸ்ட் என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆனால் டிம் பண்ணும்போது இது நேர் எதிர். உங்களைப் பார்த்து நேற்று நானும் அளந்தேன். முழுதாக 316 வாட், 33,000 லக்ஸ். பாதியில் 160 வாட், 17,600 லக்ஸ். பாதிக் கரண்டில் பாதிக்கும் கொஞ்சம் கூடவே வெளிச்சம். எல்.ஈ.டி. சில்லுக்குள் குறைந்த மின்னோட்டம் ஓடினால் சூடும் குறைவு, வாட்டுக்கு வரும் ஒளி கூடும்.

அதற்காக அடிமட்டத்துக்குத் திருகுவதிலும் பயனில்லை. 10 சதவீதத்துக்குக் கீழே டிரைவரின் சொந்தச் செலவு மேலே வந்துவிடும், பவர் ஃபாக்டரும் விழும். டிம் பண்ணும் 0–10 வோல்ட் வயரால் "ஓஃப்" பண்ணினாலும் டிரைவர் சில வேளை உள்ளே சிப் சிப்பாகக் குடித்துக்கொண்டே இருக்கும். சுவரில் சுவிட்சைப் போட்டு அணையுங்கள்.

வாங்குவதாக இருந்தால் டிரைவர் பெயர்ப்பலகையைப் பாருங்கள். மீன்வெல் கம்பனியின் எச்.எல்.ஜி. வரிசை என்றால் கடைசியில் ஏ இருந்தால் டிரைவரிலேயே திருகலாம், பி இருந்தால் வெளியே வயர் இழுத்து 0–10 வோல்ட்டோ பி.டபிள்யூ.எம்.மோ (விட்டு விட்டு வரும் சைகை) கொடுக்கலாம். காற்றாடிக்கு வைக்கிற சுவர் டிம்மரை மட்டும் தயவுசெய்து எந்தப் பலாஸ்டுக்கும் முன்னால் வைக்க வேண்டாம். நான் வைத்தேன். மூன்று நாள் மினுங்கியது, நாலாம் நாள் புகைந்தது.

நம் ஊருக்கு இன்னொன்று, கடற்காற்று. என் முதல் விளக்கின் டெர்மினல் ஆறு மாதத்தில் பச்சை பிடித்தது. காற்றாடி வைத்துக் குளிர்விக்கும் டிரைவர் வேண்டாம், முழுதாக மூடியது எடுங்கள்.

தம்பலகாமம்வயல் (புதன் காலை)

எல்லோரும் படித்தவர்கள் போல் இருக்கிறீர்கள், யாரும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. வலை?

நிலாவெளிக்காற்று (புதன் மதியம்)

அண்ணை, வலை வெளிச்சத்தைக் குறைக்கும், காற்றின் சூட்டைக் குறைக்காதே. சலாதுக்குப் பிரச்சினை வெளிச்சம் இல்லை. வைகாசி தொடக்கம் தென்மேற்குக் கச்சான் காற்று அடிக்கும்போது பகலில் 35 பாகை, ராத்திரியும் ஆறாது. சலாது உடனே தண்டு நீட்டிப் பூக்கப் பார்க்கும், இலை கசந்துவிடும். வெளிநாட்டுக்காரர் இந்தக் கரைக்கு வருவதும் அதே மாதங்களில்தான். வாடைக்காலத்தில் நானும் வெளியே வலைக்குள்தான் வளர்க்கிறேன், அப்போது விளக்குக்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனால் வாங்கத்தான் ஆள் இல்லை.

தம்பலகாமம்வயல் (புதன் மதியம்)

அது சரி. அப்படியென்றால் விளங்குகிறது. கீரைக்காரனுக்கு இந்தக் கவலை இல்லை, பொன்னாங்காணி கச்சானையும் பார்க்கும் வாடையையும் பார்க்கும்.

கண்ணாடிக்குடுவை (புதன் இரவு)

தம்பி, புதுச் சாமான் வாங்குவதற்கு முன்னால் காசில்லாமல் ஒரு வேலை செய்யலாம்.

சோடியம் வெளிச்சத்தில் லக்ஸை 82ஆல் வகுத்தால் செடிக்குப் பயன்படும் ஒளித்துகள் கணக்கு, வினாடிக்குச் சதுர மீற்றருக்கு மைக்ரோமோலில், கிட்டத்தட்ட வரும். (வெயிலுக்கு 54, வெள்ளை எல்.ஈ.டி.க்கு 70 போல. ஆகவே சோடியம் லக்ஸையும் எல்.ஈ.டி. லக்ஸையும் நேரே ஒப்பிடாதீர்கள்.) உங்களுக்கு முழுதாக 463, பாதியில் 180. சலாதுக்கு ஒரு நாளில் சதுர மீற்றருக்கு 12 தொடக்கம் 17 மோல் (ஒரு மோல் பத்து லட்சம் மைக்ரோமோல்) வேண்டும். 180இல் 14 மணித்தியாலம் என்றால் 9 மோல்தான், அந்தப் பாத்தி மெலிந்திருக்குமே? சோக் உள்ள பாத்திக்கு 23 மோல் விழுகிறது, நுனி கருகியது அங்கேதானே?

ஒரு பாத்தி பட்டினி, மற்றது அஜீரணம். சோக் விளக்கை அணையுங்கள். டிம் பலாஸ்டை 100இல் வையுங்கள், அதன் பல்பு நல்ல நிலையில் வேலை செய்யட்டும். விளக்கை உயர்த்தி இரண்டு பாத்திக்கும் நடுவில் தொங்கவிடுங்கள். சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், பளபளத் தாள் தேவையில்லை. இரண்டு பாத்திக்கும் 200 சொச்சம் கிடைக்கும், 16 மணித்தியாலம் எரித்தால் 12 மோல் வரும். 1,003 வாட் 634 ஆகிறது.

எங்கள் கூடத்தில் ஒருகாலத்தில் இதையே தலைகீழாகச் செய்தோம், எல்லா விளக்கையும் மங்கலாக்கி "சேமித்தோம்". கணக்குப் பார்த்தபோது சோடியத்தில் ஒரே அளவு ஒளிக்கு மங்கல் வழிதான் செலவு கூட. உங்கள் எண்ணிலேயே காட்டுகிறேன்: ஒரு பாத்திக்கு 12.6 மோல் கொடுக்க முழு வெளிச்சத்தில் 7.6 மணித்தியாலம், 4.8 யூனிட். பாதி வெளிச்சத்தில் 19 மணித்தியாலத்துக்கும் மேல், 6.4 யூனிட். நிலாவெளிக்காரரின் எல்.ஈ.டி. பாதியில் 14 மணித்தியாலம், 2.2 யூனிட்.

பாலையூற்று77 (வியாழன் காலை)

அப்படியென்றால் 7 மணித்தியாலம் முழுதாக எரித்துவிட்டுப் போகலாமே?

கண்ணாடிக்குடுவை (வியாழன் காலை)

சலாது அதை ஒழுங்காகச் சாப்பிடாது. மெல்லிய வெளிச்சம், நீண்ட நேரம் என்றால்தான் ஒளியை நன்றாகப் பயன்படுத்தும். அதனால்தான் உயர்த்திப் பரப்பச் சொன்னேன்.

உவர்மலைத்தம்பி (வியாழன் இரவு)

டீச்சர், பட்டினியும் அஜீரணமும் என்றது அப்படியே உண்மை, படம் போட வெட்கமாக இருக்கிறது. சனிக்கிழமை மாற்றுகிறேன். எந்த நேரத்தில் எரிப்பது நல்லது? இப்போது காலை 6 தொடக்கம் இரவு 8.

கிண்ணியா_வயர்மேன் (வியாழன் இரவு)

உங்களுடையது சாதாரண வீட்டுக் கட்டணம். எந்த நேரத்து யூனிட்டும் ஒரே யூனிட்தான். நேரவாரிக் கட்டணத்துக்குப் போனால் மாலை 6.30 தொடக்கம் 10.30 வரை உச்சம், 10.30 தொடக்கம் விடிய 5.30 வரை மலிவு. இரவு 10.30க்குப் போட்டால் 16 மணித்தியாலம் முடிய மறுநாள் பிற்பகல் 2.30, உச்ச நேரத்தில் ஒரு நிமிடமும் படாது.

கட்டணம் மாறாவிட்டாலும் இரவில் எரிப்பதே நல்லது. தட்டுக் கூரை வீட்டில் மத்தியான வெயிலோடு 634 வாட்டையும் சேர்த்து ஏசி ஏன் சுமக்க வேண்டும்?

இன்னும் இரண்டு விஷயம். சோடியத்தை எப்போதாவது டிம் பண்ணுவதானால் முதல் 15 நிமிடம் 100இல் சூடாக்கிவிட்டுத் திருகுங்கள். பல்பு எலக்ட்ரானிக் பலாஸ்டுக்கு ஏற்றதா என்றும் அட்டையில் பாருங்கள், சோக்குக்கென்று செய்த சில பல்புகள் உயர் அதிர்வெண்ணில் நடுங்கிச் சீக்கிரம் போகும். அப்புறம் மாரியில் கரண்ட் ஒரு கணம் போய் வந்தாலும் சோடியம் உடனே பற்றாது, ஆறும்வரை சில நிமிடம் இருட்டுத்தான். பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்ட 2025 பெப்ரவரி ஞாயிறு மாதிரி நாளில் அது பெரிய விஷயம் இல்லை. நம் ஊரில் நாளுக்கு நாலு தரம் மினுங்கும் மழைக்காலத்தில் கணக்கு ஏறும்.

உவர்மலைத்தம்பி (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு)

மன்னிக்கவும், தாமதமாகிவிட்டது. சொன்னபடி ஒரே விளக்கு, 100இல், உயர்த்தி, இரண்டு பாத்திக்கும் நடுவில். இரவு 10.30க்குப் போட்டு மறுநாள் 12.30க்கு அணைக்கிறேன், 16க்கு இன்னும் போகவில்லை. வீட்டு மீட்டர் முன்பு நாளுக்கு 21 யூனிட் ஓடியது, இப்போது 14க்கும் 15க்கும் இடையில். ஏசி விடியற்காலையில் அடிக்கடி தானாக நிற்கிறது, அது நான் எதிர்பார்க்காதது. மெலிந்த பாத்தி தேறிவிட்டது. மற்றதில் கருகல் புதிய இலையில் இல்லை. ஓரத்தில் இருக்கும் செடிகள் மட்டும் இன்னும் நடுவை நோக்கிச் சாய்கின்றன, தட்டுகளைக் கிழமைக்கு இரண்டு தரம் திருப்பி வைக்கிறேன்.

நிலாவெளி அண்ணை தன் உதிரி எல்.ஈ.டி. பலகையை ஒரு மாதம் இரவலாகத் தந்திருக்கிறார். நாளைக்கு ஒரு பாத்திக்கு மேலே 160 வாட்டில் வைத்துப் பார்க்கப் போகிறேன். பில் சாமிப்படத்துக்கு முன்னால் இருந்து மேசைக்கு வந்துவிட்டது.

சோக் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது, தூக்கினால் அம்மிக்கல் மாதிரி. பழைய இரும்புக்காரர் நாளைக்கு வருகிறார், அப்படியே கொடுத்துவிடலாமா?

கிண்ணியா_வயர்மேன் (ஞாயிறு இரவு)

பெட்டியைத் திறந்து உள்ளே கம்பி செம்பா அலுமினியமா என்று பாருங்கள், செம்பு என்றால் இரும்பு விலைக்குக் கொடுக்க வேண்டாம். திறப்பதற்கு முன்னால் பிளக்கைக் கழற்றி, கப்பாசிட்டர் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு பழைய 60 வாட் குண்டு பல்பைப் பிடித்து வெறுமையாக்குங்கள். செத்தது என்று நான்தான் சொன்னேன், இருந்தாலும் கையை வைக்காதீர்கள்.